பித்தளைத் தகட்டில் ஒரு நிலக்கரி வேகன்: எங்கே தொடங்குவது?

கேள்வி இதுதான்: இதுவரை பிளாஸ்டிக் கிட்டுகளை மட்டுமே ஒட்டிப் பழகியவருக்கு, பிரிட்டிஷ் ரயில்வேயின் 16 டன் நிலக்கரி வேகனின் மாடலுக்கான உலோகக் கிட் ஒன்று கிடைத்திருக்கிறது. 4 மி.மீ. ஸ்கேல், அதாவது அசலின் ஓர் அடி மாடலில் 4 மி.மீ. உள்ளே ரசாயனத்தால் அரித்து வடிவங்கள் வெட்டிய பித்தளைத் தகடுகள், சிறு பையில், எளிதில் உருகும் கலவையான வெள்ளை உலோக வார்ப்புகள், கொஞ்சம் கம்பி, படம் போட்ட ஒரு தாள். சால்டரிங், அதாவது ஈயக் கலவையை உருக்கிப் பற்றவைக்கும் பழக்கம் இல்லை. சூப்பர் க்ளூவிலேயே முடித்துவிடலாமா, எதிலிருந்து தொடங்குவது?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளை உலோகப் பாகங்களில் சிலவற்றைப் பசையால் ஒட்டலாம். பித்தளைக் கூட்டைப் பற்றவைத்துத்தான் ஆக வேண்டும். வேகனின் மேல்பெட்டியைத் தொடுவதற்கு முன் அடிச்சட்டத்தை முடியுங்கள். நான்கு சக்கரங்களும் ஒரே சமயத்தில் தரையைத் தொட்டு, அச்சுகள் தடையில்லாமல் சுழலும் வரை வேறு எதிலும் கை வைக்காதீர்கள். பெட்டியில் ஒரு மூலை கொஞ்சம் பிசகினால் பெயின்ட், துரு, நிலக்கரித் தூசி என்று மறைக்க வழி உண்டு. அடிச்சட்டம் கோணினால் அந்த வேகன் ஒவ்வொரு பாயிண்டிலும், அதாவது தண்டவாளம் பிரியும் ஒவ்வொரு இடத்திலும், தடம் புரளும்.

இந்த வேகனை ஏன் உலோகத்தில் கட்ட வேண்டும்? பிளாஸ்டிக்கில் நல்ல கிட்டுகள் இருக்கின்றனவே என்று யாராவது கேட்பார்கள். பதில் பக்கத் தகட்டின் மேல் விளிம்பில் இருக்கிறது. அசல் வேகனின் பக்கங்கள் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகடு. 4 மி.மீ. ஸ்கேல் என்பது ஏறக்குறைய 76-இல் ஒரு பங்கு. பிளாஸ்டிக்கில் வார்த்த பக்கம் 1 மி.மீ. தடிமன் என்றால் அசலில் அது 76 மி.மீ.; மரப்பலகைக்குப் பொருந்தும், இரும்புத் தகட்டுக்குப் பொருந்தாது. 0.25 மி.மீ. பித்தளையில் அதே பக்கம் 19 மி.மீ. ஆகிவிடுகிறது. அதுவும் அசலைவிடத் தடிமன்தான், ஆனால் கண் ஏற்றுக்கொள்ளும். மூடிய வேகனில் இந்த வித்தியாசம் தெரியாது. மேலே திறந்த, காலியாக ஓடும் நிலக்கரி வேகனில் முதலில் கண்ணில் படுவதே அந்த விளிம்பு. அதனால்தான் இந்த ஒரு வகைக்கு உலோகக் கிட்டை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

அசலைப் பற்றிக் கொஞ்சம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனின் போக்குவரத்து அமைச்சகம் தொடங்கிவைத்த வடிவம் இது. ரயில்வே 1948-இல் அரசுடைமையான பிறகு, பழைய மரவேகன்களுக்கு மாற்றாக 1950-களில் இதைக் கட்டித் தள்ளினார்கள். இரண்டு லட்சத்துக்கும் அதிகமாக. பெரும்பாலானவை வெல்டிங் செய்தவை, சில ரிவெட் அடித்தவை. பிரான்ஸ் ரயில்வேக்காகக் கட்டப்பட்டு அங்கே ஓடிவிட்டு, பிறகு பிரிட்டனுக்கே திரும்பி வந்த ஒரு பிரிவும் உண்டு. நீளம் 16 அடி 6 அங்குலம், அதாவது மாடலில் 66 மி.மீ. அச்சுக்கு அச்சு 9 அடி, மாடலில் 36 மி.மீ. இந்த 36-ஐ மட்டும் நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

உங்கள் தண்டவாளம் எது என்பதையும் முடிவு செய்யுங்கள். பிரிட்டனில் பெரும்பாலோர் ஓடவிடும் ஓஓ கேஜ் 16.5 மி.மீ. அகலம். 4 மி.மீ. ஸ்கேலில் அது 4 அடி 1½ அங்குலம்தான் ஆகிறது. அசல் 4 அடி 8½ அங்குலம். அந்தக் குறையைத் தாங்காதவர்கள் 18.2 மி.மீ. ஈஎம் பக்கமோ, மிகச் சரியான 18.83 மி.மீ. பி4 பக்கமோ போனார்கள். முதல் உலோகக் கிட்டை ஓஓ-விலேயே கட்டுங்கள். சக்கர விளிம்பு ஆழமாக இருப்பதால் சின்னக் கோணல்களைத் தாங்கும்.

தகட்டைக் கையில் எடுத்ததும் அதன் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ரசாயனம் இரண்டு பக்கமிருந்தும் அரித்து நடுவில் சந்திப்பதால், தடிமனின் மத்தியில் மெல்லிய முகடு ஒன்று நீளவாக்கில் ஓடும். மூலைகள் ஒன்றோடொன்று படிந்து உட்கார வேண்டிய இடங்களில் இந்த முகட்டை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துச் சமன்படுத்த வேண்டும். அதை விட்டுவிட்டால் மூட்டு ஏன் சேரவில்லை என்று தெரியாமல் சால்டரை அள்ளி அப்பிக்கொண்டிருப்பீர்கள். பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டும்போது ரப்பர் பாயில் வைத்து வெட்டாதீர்கள். பாய் அமுங்கும், தகடு வளையும். கெட்டியான எம்டிஎஃப் பலகையோ இரும்புத் தகடோ அடியில் இருக்கட்டும். தேவைப்படும்போது மட்டும் ஒவ்வொரு பாகமாக வெட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிக் கிண்ணத்தில் போட்டால் எது எது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

மடிப்புக் கோடு என்பது பாதி ஆழம் அரித்த பள்ளம். கிட்டின் தாளில் வேறு மாதிரிச் சொல்லியிருந்தாலொழிய, பள்ளம் மடிப்பின் உள்பக்கம் வர வேண்டும். ஒரே தடவையில் 90 டிகிரிக்கு மடியுங்கள். முன்னும் பின்னும் இரண்டு மூன்று முறை ஆட்டினால் அந்தக் கோட்டிலேயே ஒடிந்துவிடும். மடித்ததும் உள்மூலையில் சால்டரை ஓடவிட்டால் மடிப்பு கம்பிபோல் நிற்கும். கிட் பழசாக இருந்து தகடு கறுத்திருந்தால், புளித்தண்ணீரில் சற்று நேரம் ஊறவைத்துக் கழுவினாலே பளிச்சென்று வந்துவிடும், வீட்டில் பித்தளைப் பாத்திரத்துக்குச் செய்வதுதான்.

இனி சூப்பர் க்ளூ. வழுவழுப்பான பித்தளையில் அது பிடிக்கும், ஆனால் முறுகலாகப் பிடிக்கும். வேகன் ஒருமுறை மேசையிலிருந்து விழுந்தால் பக்கத் தகடு முழுசாகப் பெயர்ந்து வரும். அதைவிட முக்கியமானது, பசை உங்களுக்குச் சில நொடிகள்தான் தருகிறது, ஒட்டியது ஒட்டியதுதான். சால்டர் அப்படியல்ல. மூலை கோணலாக இருக்கிறதா, சூடான சால்டரிங் அயர்னை வையுங்கள், உருகும், நகர்த்துங்கள், எடுங்கள். புதிதாகத் தொடங்குபவருக்குப் பசைதான் எளிது என்று பலர் நினைக்கிறார்கள். என் கருத்து நேர் எதிர்: எத்தனை தடவை வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால் தொடங்குபவருக்கு உகந்தது சால்டர்தான்.

தேவையானவை அதிகமில்லை. வெப்பத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய, 50 வாட் அல்லது அதற்கு மேற்பட்ட சால்டரிங் ஸ்டேஷன் ஒன்று. சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் வேண்டிய மட்டும் கிடைக்கும். முனை ஊசிபோல் இருக்கக் கூடாது. பித்தளை வெப்பத்தை வேகமாகக் கடத்திவிடும். ஊசி முனையால் ஈடுகொடுக்க முடியாது, அதற்குள் தகடு முழுக்கச் சூடேறி முன்பு வைத்த மூட்டெல்லாம் கழன்றுவிடும். உளிபோல் தட்டையான, 2-3 மி.மீ. அகலமுள்ள முனையால் தொட்டுச் சட்டென்று எடுத்துவிடலாம். சால்டர் ஓடுவதற்காக உலோகப் பரப்பைச் சுத்தப்படுத்தும் ஃப்ளக்ஸுக்கு, பத்து சதவீதத்தை ஒட்டிய அளவில் பாஸ்போரிக் அமிலம் கலந்த திரவம் இந்த வேலைக்குத் தங்கம். எலக்ட்ரானிக்ஸ் கம்பியின் நடுவிலுள்ள பிசின் கருகிப் பழுப்பாகப் படிந்து பெயின்ட்டைத் தடுக்கும். அதனால் பிசின் இல்லாத சால்டராகப் பாருங்கள். அமிலம் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில் சோடா உப்பு கலந்து பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில், அதுவும் கடலோரத்தில் இருப்பவர்கள் கழுவாமல் படுக்கப் போனால் காலையில் மூட்டெல்லாம் பச்சைக் களிம்பு பூத்திருக்கும்.

சால்டர் ஒரே வகை போதாது. இதை முதலிலேயே புரிந்துகொண்டால் பாதிச் சங்கடம் தீரும். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்தது 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி 190-ஐ ஒட்டி முழுதாக உருகும். அடுத்தது 145 டிகிரியில் உருகும் வகை. கடைசியாக, வெள்ளை உலோகத்துக்கென்றே 70 டிகிரியில் உருகும் வகை. அது வெந்நீரிலேயே உருகிவிடும். அதிக வெப்பத்தில் உருகுவதை முதலில் பயன்படுத்திப் படிப்படியாக இறங்கி வாருங்கள். அடிச்சட்டமும் பெட்டியின் முக்கிய மூட்டுகளும் முதல் வகையில், மேலே ஒட்டும் கீல், தாழ்ப்பாள் போன்ற சின்னத் தகடுகள் 145-இல், வார்ப்புகள் 70-இல். பிறகு வைக்கும் மூட்டுக்குக் கொடுக்கும் சூடு முன்பு வைத்ததைக் கழற்றாது. நகைப் பத்தர் ஒரே நகையில் பல பற்று வைக்கும்போது கெட்டிப் பொடியை முதலிலும் இளகு பொடியைப் பிறகும் வைப்பது இதே கணக்கில்தான். 70, 145 டிகிரி வகைகளில் காட்மியம் கலந்திருப்பதுண்டு. புகையை முகர வேண்டாம், கை கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம்.

மூட்டு வைக்கும் விதம் இது. இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்து, சிறு பிரஷ்ஷால் ஃப்ளக்ஸைத் தடவுங்கள். அயர்ன் முனையில் கடுகளவு சால்டர் எடுத்து மூட்டின் ஒரு முனையில் தொடுங்கள். சுறுசுறுவென்ற சத்தத்தோடு ஃப்ளக்ஸ் கொதிக்கும், சால்டர் சட்டென்று மூட்டுக்குள் வெள்ளியாக ஓடும். அவ்வளவுதான், எடுத்துவிடுங்கள். அது ஒரு புள்ளிதான். மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். சரியென்றால் மறுமுனையில் ஒரு புள்ளி. மீண்டும் மட்டம். பிறகு நடுவில். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தொடர்ந்து இழுத்துக்கொண்டே போனால் தகடு சூட்டில் நீண்டு அலைபோல் வளையும். கிட்டுக்குள் இறங்குவதற்கு முன், தகட்டுச் சட்டத்திலிருந்து வெட்டி எறியப்போகும் துண்டுகளை ஒன்றோடொன்று பற்றவைத்துப் பழகுங்கள். அந்தச் சத்தமும் ஓட்டமும் பிடிபட ஒரு மாலை நேரம் போதும்.

இப்போது அடிச்சட்டம். சக்கரத்தைத் தாங்கும் தகடு ஆங்கில டபிள்யூ எழுத்தின் வடிவில் இருப்பதால் அதை டபிள்யூ அயர்ன் என்பார்கள். ஒவ்வொரு அச்சுக்கும் இரண்டு, பெரும்பாலும் ஒரே தகட்டில் சேர்ந்தே இருக்கும். மடித்தால் பாலம்போல் நிற்கும். அதன் ஓட்டையில் தொப்பி வடிவப் பித்தளை பேரிங்கை உள்பக்கத்திலிருந்து செருகிப் பற்றவைக்க வேண்டும். பேரிங்கின் குழிக்குள் சால்டர் ஒரு துளிகூடப் போகக் கூடாது. பல்குத்தும் குச்சியைக் குழியில் செருகிக்கொண்டு வேலை செய்தால் போகாது. ஓஓ-வில் அச்சு ஊசிமுனைக்கு ஊசிமுனை 26 மி.மீ.; டபிள்யூ அயர்ன்களை மெதுவாக விரித்து அச்சைப் பொருத்தி விரலால் சுண்டுங்கள். சக்கரம் தயங்காமல் சுற்றி, தானாக நிற்கும்போது மெல்ல முன்னும் பின்னும் ஆடி நிற்க வேண்டும். பக்கவாட்டில் மயிரிழை அசைவு இருப்பது நல்லது. பிடித்து இறுக்கினால் மடிப்பு 90 டிகிரியைத் தாண்டி உள்ளே சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

இரண்டு அச்சுகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்பதைக் கண்ணால் நம்பாதீர்கள். காலிப்பரை எடுத்து, இடது பக்கம் அச்சு முனைக்கு அச்சு முனை அளந்து பாருங்கள், 36 மி.மீ. வலது பக்கமும் அதே 36 வர வேண்டும். பிறகு மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் 36, மறுபக்கம் 36.3 என்றால் வேகன் தண்டவாளத்தில் சாய்ந்து தேய்த்துக்கொண்டே போகும். அந்த டபிள்யூ அயர்னின் ஒரு புள்ளியை மட்டும் சூடாக்கி நகர்த்துங்கள். பசையில் இதைச் செய்ய முடியாது என்பதை இங்கேதான் உணர்வீர்கள்.

பிறகு கண்ணாடிச் சோதனை. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை மேசையில் படுக்கவைத்து, அதன்மேல் அடிச்சட்டத்தை நிறுத்தி ஒவ்வொரு மூலையாக விரலால் அழுத்துங்கள். எந்த மூலையிலும் டக் என்ற ஆட்டம் இருக்கக் கூடாது. ஓஓ-வில் இப்படி நேராகக் கட்டினால் நெகிழ்வு தரும் அமைப்பு எதுவும் தேவையில்லை. உங்கள் கிட்டில் ஒரு டபிள்யூ அயர்ன் நடுவில் ஒரு கம்பியைச் சுற்றி ஆடும்படி கொடுத்திருந்தால் அதை அப்படியே கட்டுங்கள். ஒரு அச்சு உறுதியாகவும் மற்றொன்று ஆடவும் செய்தால் வண்டி மூன்று புள்ளிகளில் நிற்கிறது. மூன்று புள்ளியில் நிற்பது எந்தத் தரையிலும் ஆடாது. ஈஎம், பி4 கட்டுபவர்களுக்கு இது கட்டாயம்போல. அவர்களில் சிலர் கிட்டார் கம்பியையே ஸ்பிரிங்காக வைத்து நான்கு சக்கரங்களையும் தனித்தனியே தாங்கவிடுவார்கள்.

உலோக அடிச்சட்டத்துக்கே உரிய ஒரு விஷயம்: மின்சாரம். சில சக்கர ஜோடிகளில் ஒரு சக்கரம் மட்டுமே அச்சிலிருந்து காப்பிடப்பட்டிருக்கும். முன் அச்சில் காப்பு இடப்பக்கமும் பின் அச்சில் வலப்பக்கமும் வந்துவிட்டால், பித்தளைச் சட்டம் வழியாக இரண்டு தண்டவாளமும் இணைந்து ஷார்ட் ஆகிவிடும். காப்பிட்ட சக்கரங்கள் இரண்டும் ஒரே பக்கம் வரட்டும்.

பெட்டிக்குச் சொல்ல அதிகம் இல்லை. தளத்தோடு ஒரு பக்கத்தையும் ஒரு முனைத் தகட்டையும் சேர்த்து முதல் மூலையை மட்டத்துக்கு வைத்துவிட்டால் மற்ற மூன்றும் அதைப் பின்தொடரும். சால்டர் எப்போதும் உள்பக்கத்திலிருந்து. ஆனால் இது காலி வேகன், உள்பக்கமும் தெரியும். மிஞ்சியதை ஸ்க்ரேப்பரால் சுரண்டிவிடுங்கள். கண்ணாடி இழை பிரஷ்ஷால் தேய்த்தால் அருமையாகப் பளபளக்கும், ஆனால் அதன் இழைகள் விரலில் ஏறினால் நாள்கணக்கில் குத்தும். கையுறை போட்டுக்கொண்டு ஈரத்தில் தேயுங்கள்.

வெள்ளை உலோகத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், மதித்தால் போதும். சில கலவைகள் 180 டிகிரிக்கு அருகிலேயே இளகத் தொடங்கும். பித்தளைக்கு வைத்த வெப்பத்தில் தொட்டால் அச்சு முனையை மூடும் ஆக்சில் பாக்ஸ் ஒரு வெள்ளிச் சொட்டாகிவிடும். அயர்னை 150-க்குப் பக்கத்தில் இறக்கிவிடுங்கள். 70 டிகிரி சால்டர் பித்தளையில் நேராகப் பிடிக்காது. அந்த இடத்தில் முதலில் சாதாரண சால்டரால் மெல்லிசாக ஈயம் பூசி வையுங்கள், அதன்மேல் வார்ப்பை வைத்து 70-ஐ ஓடவிடுங்கள். ஆக்சில் பாக்ஸின் முதுகில், வெளியே துருத்தும் பேரிங் உட்கார ஒரு குழி வேண்டும். ட்ரில் முனையைக் கையாலேயே திருகினால் போதும், உலோகம் மெழுகுபோல் வரும். வேகனின் முனைகளில் இடியைத் தாங்கும் பஃபர்களின் நடுமையம் தண்டவாளத்திலிருந்து 14 மி.மீ.-க்குச் சற்றே குறைவான உயரத்தில் வரும். இந்த வார்ப்புகளை இரண்டு கலவை எபாக்ஸியில் ஒட்டினாலும் குற்றமில்லை; இழுவிசை ஏறும் கொக்கியை மட்டும் பற்றவையுங்கள்.

பிரேக்கில் பலரும் தடுமாறுகிறார்கள், காரணம் அசலின் தர்க்கம் தெரியாததுதான். வேகனின் எந்தப் பக்கம் நின்றாலும் ஊழியர் பிரேக் போட முடிய வேண்டும், லீவர் அவரது வலது கைப்பக்கம் இருக்க வேண்டும் என்பது பிரிட்டனில் 1911-இல் வந்த விதி. அப்படியானால் இரண்டு லீவர்களும் வேகனின் எதிரெதிர் முனைகளை நோக்கி இருக்கும். ஒரு பக்கச் சக்கரங்களுக்கு மட்டும் பிரேக் கட்டை வைத்த மார்ட்டன் வகையில், குறுக்கே ஓடும் ஒரே தண்டு இரண்டு லீவர்களுக்கும் பொது. ஒரு லீவரை அழுத்தினால் தண்டு சுற்ற வேண்டிய திசைக்கு நேர் எதிராக மற்ற லீவர் அதைச் சுற்றும். அதைத் திருப்பிக் கொடுக்க அந்த லீவரின் அடியில் மட்டும் ஒரு கிளட்ச் இருக்கும். உங்கள் தகட்டில் இரண்டு லீவர்கள் ஒரே மாதிரி இல்லாததற்குக் காரணம் இதுதான். கிளட்ச் உள்ளது கட்டை இல்லாத பக்கம் போகும். கட்டைகளைப் பற்றவைக்கும்போது சக்கரத்துக்கும் கட்டைக்கும் நடுவில் எண்ணெய் தடவிய காகிதத் துண்டு ஒன்றைச் செருகுங்கள். இடைவெளியும் கிடைக்கும், சால்டரும் தாண்டாது.

எடை பார்த்தீர்களா? அச்சுக்கு 25 கிராம், ஆக 50 கிராம் என்பது இந்த ஸ்கேலில் பலரும் கடைப்பிடிக்கும் கணக்கு. மெல்லிய தகட்டில் கட்டிய காலி வேகன் பெரும்பாலும் அதைத் தொடாது. குறையை ஈயத் தகடாக வெட்டித் தளத்தின் அடியில், பக்கச் சட்டங்களுக்கு நடுவே வையுங்கள். எபாக்ஸி போட்டு ஒட்டுங்கள். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை வேண்டவே வேண்டாம். ஈயம் அதோடு வினைபுரிந்து வருடங்கள் போகப் போக வெள்ளையாகப் பூத்து உப்பும். அடைத்து வைத்த இடத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்த மாடல்கள் உண்டு.

பெயின்ட்டுக்கு முன் பாத்திரம் கழுவும் சோப்பில் நன்றாகக் கழுவிக் காயவிட்டு, அதன்பின் வெறும் விரலால் தொடாதீர்கள். கார் பெயின்ட் கடைகளில் கிடைக்கும், உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமர் முதல் பூச்சு. சாதாரண பிரைமர் பித்தளையில் நகம் பட்டாலே உரியும். வாக்குவம் பிரேக் (வெற்றிடத்தால் இயங்கும் பிரேக்) இல்லாத வேகனுக்கு வெளியே சாம்பல் நிறம், வாக்குவம் உள்ளதற்குச் செங்காவி கலந்த பழுப்பு. உள்ளே எதுவானாலும் துருதான். ஈர நிலக்கரியைக் கொட்டிக் கொட்டி அள்ளிய இடத்தில் பெயின்ட் எத்தனை நாள் தங்கும்? துருவை ஒரே நிறமாக அடிக்காதீர்கள். அடர்பழுப்பு அடித்தளத்தின்மேல் ஆரஞ்சுத் துருவை ஸ்பாஞ்சுத் துணுக்கால் ஒற்றி, தளத்தின் மூலைகளில் கரித்தூளை அப்படியே தங்கவிடுங்கள். அசலின் புகைப்படங்களில் துரு பெரும்பாலும் கீழ் விளிம்பிலும் வெல்டிங் கோடுகளிலும் கதவைச் சுற்றியும்தான் தொடங்கியிருக்கும்.

எழுத்துகளில், பி என்ற எழுத்தில் தொடங்கும் வண்டி எண் கறுப்புக் கட்டத்துக்குள் வெள்ளையில் வரும். பக்கத்தில் குறுக்கே ஓடும் வெள்ளைப் பட்டை அலங்காரமல்ல. வேகனின் ஒரு முனையில் மட்டும் கதவு உண்டு. துறைமுகத்திலும் ஆலையிலும் வேகனை அப்படியே சாய்த்து நிலக்கரியைக் கொட்டுபவருக்கு, கதவு எந்த முனையில் என்று தூரத்திலிருந்தே காட்டத்தான் அந்தப் பட்டை. அதனால் இரண்டு பக்கமும் அது ஒரே முனையைக் காட்ட வேண்டும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் இடப்புறம் சாய்ந்தும் மறுபக்கம் வலப்புறம் சாய்ந்தும் இருக்கும். தண்ணீரில் நனைத்து ஒட்டும் டிரான்ஸ்ஃபர் தாளில் இரண்டு பட்டைகளும் பக்கத்தில் பக்கத்தில்தான் அச்சிட்டிருப்பார்கள். தண்ணீரில் போடுவதற்கு முன் வேகனின் பக்கத்தில் வைத்து, எது எந்தப் பக்கத்துக்கு என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.